நாட்டு முட்டை என்று பெயர் வைத்தால் போதுமா?

போன வாரம் டவுனில் ஒரு கடையில் 'நாட்டுக்கோழி முட்டை' என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, ஒன்று 15 ரூபாய் என்று ஆறு வாங்கி வந்தேன். ஆறும் ஒரே அளவு, ஒரே காப்பி நிறம். ஆம்லெட்டுக்கு உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராகத் தட்டு முழுக்க ஓடுகிறது. ஐந்தாவது முட்டை அழுகல். பணம் போனதைவிட, ஊரில் கோழி வளர்க்கிற பெண்களின் பெயரைச் சொல்லி இதை விற்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பண்ணையிலேயே பழுப்பு முட்டை இடுகிற இனங்கள் உண்டு. எங்கள் வீட்டுக் கோழிகளின் முட்டையை ஒரு கூடையில் வைத்துப் பாருங்கள். ஒன்று சந்தன நிறம், ஒன்று வெளுப்பு, ஒன்று லேசான பழுப்பு. எல்லாமே சின்னது, 40 கிராம் தேறினால் பெரிது. ஊர்க்கோழி பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சோடு அலைச்சல். வருஷத்துக்கு 60, 70 முட்டை கிடைத்தாலே அதிகம். பண்ணைக்கோழி 300க்கு மேல் இடும். அப்படியிருக்க, எல்லாக் கடையிலும் வருஷம் முழுக்க அடுக்கடுக்காக நாட்டு முட்டை எங்கிருந்து வருகிறது?

பண்ணை முட்டையை நான் குறை சொல்லவில்லை. நாமக்கல் முட்டைக்கும் வீட்டு முட்டைக்கும் புரதத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. சத்துணவில் அந்த முட்டை எத்தனை பிள்ளைகளுக்குத் தெம்பு கொடுத்திருக்கிறது! வீட்டு முட்டையின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. வெயிலில் திரிந்து கீரையும் புழுவும் கொத்துகிற கோழியின் மஞ்சள் கருவில் வைட்டமின் டியும் நல்ல கொழுப்பும் கூடுதலாக இருக்கும்.

அப்பத்தா ஒரு பழைய மண்பானையில் கிழிந்த கோணித்துண்டு, காய்ந்த சாணம், ஓலை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, பொழுது சாய வேலியோரம் கவிழ்த்து வைப்பார். விடிந்ததும் பானையைத் தூக்கினால் உள்ளே கரையான் மொய்த்துக் கிடக்கும். கோழிகளை அடைக்கிற பஞ்சாரக் கூடையைத் திறந்துவிட்டு அதைத் தரையில் தட்டுவார். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கொத்தும். காசு செலவில்லாத தீவனம். அந்தக் கோழிகளின் மஞ்சள் கரு உடைத்த பிறகும் கரண்டியில் உருண்டு நிற்கும்.

இப்போது எங்கள் தெருக்கோடியில் குப்பை எரிக்கிறார்கள். பிளாஸ்டிக் பை, வயர், டயர்த் துண்டு எல்லாம். தீ அணைந்ததும் கோழிகள் போய் அந்தச் சாம்பலைத்தான் கிளறுகின்றன. இது எனக்குப் பெரிய பயம். பிளாஸ்டிக்கும் வயரும் எரிந்தால் உண்டாகிற டையாக்சின் கொழுப்பில் தங்குகிற நஞ்சு. கோழிக்குள் போனால் மஞ்சள் கருவுக்கு வந்துவிடும், வேகவைத்தாலும் போகாது. கானாவில் மின்னணுக் குப்பை எரித்துவந்த அக்போக்புளோஷி என்ற இடத்தில் மேய்ந்த கோழிகளின் முட்டையில் இது மிக அதிகமாக இருந்தது 2019இல் தெரியவந்தது. நெதர்லாந்தில் வேறு வகை ரசாயனத்தால், வீட்டில் வளர்க்கிற கோழிகளின் முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று 2025இல் அரசு நிறுவனமே சொல்லிவிட்டது. வீட்டுக்கோழி என்பதாலேயே முட்டை சுத்தம் என்று நினைக்கக் கூடாது. மண் கெட்டால் முட்டையும் கெடும்.

அதேபோல்தான் மாத்திரை. கோழி தலையைத் தொங்கப்போட்டதும் மெடிக்கலில் மனிதர்களுக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வாங்கி, பொடித்துத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிற பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. அடுத்த நாள் இட்ட முட்டையை பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கிறோம். கோழிகளைக் கொத்தாகக் கொல்கிற வெள்ளைக்கழிச்சல் நோய் வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. வருமுன் தடுப்பு மருந்து போடுவதுதான் வழி: குஞ்சு பொரித்த ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், முகாம் போடும்போது பஞ்சாரத்தோடு தூக்கிக்கொண்டு போங்கள்.

விற்கிறவர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சேவலோடு திரிகிற கோழியின் முட்டை கருவுள்ளது, வெயில் காலத்தில் அடுப்படியில் வைத்தால் உள்ளே கரு வளரத் தொடங்கிவிடும். தினமும் எடுத்து, கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்து, ஈர மணலில் புதைத்த பானைக்குள் வையுங்கள். கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போய் கிருமி உள்ளே இறங்கும். அப்பத்தா கரித்துண்டால் ஒவ்வொரு முட்டையிலும் கோடு போட்டு வைப்பார், எது எந்த நாள் இட்டது என்று தெரிய.

வாங்குகிறவர்களே, நிறத்தைக் கேட்காதீர்கள். என்றைக்கு இட்டது, கோழி எங்கே மேய்கிறது என்று கேளுங்கள். வளர்க்கிற அக்காவுக்கு அது கட்டாயம் தெரியும். நாங்கள் குப்பை மேட்டுப் பக்கம் தென்னமட்டையால் படல் கட்டிவிட்டோம். அங்கே எரிக்காதீர்கள் என்று தெருவில் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நாலு வீடு பாக்கி.