சோர்ஸும் எக்ஸெக்கும் ஒண்ணுதானாமே!

சனிக்கிழமை தேக்காவில் நடந்த தமிழ்த் தொழில்நுட்பக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்தான் ஷெல், அதில் ஒரு வகை இசட்எஸ்ஹெச், அதன் அமைப்பு ஃபைல் இசட்எஸ்ஹெச்ஆர்சி. அதை மாற்றினால் மாற்றம் உடனே நடப்புக்கு வர எந்தக் கட்டளை அடிப்பது என்பதுதான் பேச்சு. "இசட்எஸ்ஹெச்ஆர்சி ஃபைலை மாத்தினா சோர்ஸ் அடிங்க, முடிஞ்சது" என்று பேச்சாளர் சொன்னார். எக்ஸெக்தானே சரி என்று கேட்ட பாலிடெக்னிக் தம்பிக்குக் கிடைத்தது, "ரெண்டும் ஒண்ணுதான், குழப்பாதீங்க". கூடவே சிரிப்பு.

ரெண்டும் ஒண்ணு இல்லை ஐயா. சோர்ஸ் புது ஷெல்லைத் தொடங்காது. ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லுக்குள்ளேயே ஃபைலை மறுபடி ஓட்டும். எக்ஸெக் இசட்எஸ்ஹெச் என்று அடித்தால் பழைய ஷெல் போய், அதன் இடத்தில் புது ஷெல் வரும். சோர்ஸ் என்பது பழைய சட்டையைக் கழற்றாமல் மேலே இன்னொன்று மாட்டுகிற கதை. ஃபைலிலிருந்து நீக்கிய அலியாஸ், அதாவது கட்டளைக்கு வைத்த சுருக்கப் பெயர், சாகாது. டிப்ளாய் என்ற அலியாஸை எடுத்துவிட்டு அதே பெயரில் ஃபங்ஷன் எழுதினால், பழைய அலியாஸ் குறுக்கே வந்து பார்ஸ் எரர், அதாவது இலக்கணப் பிழை, அடிக்கும். ஃபைலில் தப்பே இருக்காது, நீங்கள் மணிக்கணக்கில் தேடுவீர்கள். இசட்எஸ்ஹெச் அமைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் ஓ மை இசட்எஸ்ஹெச் என்ற தொகுப்பு தன் கேள்வி-பதில் பக்கத்திலேயே சோர்ஸ் வேண்டாம், எக்ஸெக் இசட்எஸ்ஹெச் அல்லது தன் சொந்தக் கட்டளையான ஓஎம்இசட் ரீலோடு போடு என்கிறது. அவர்களும் குழப்புகிறார்களோ என்னவோ.

"எனக்கு எப்பவும் வேலை செஞ்சதே" என்பீர்கள். ஒரு வரி அலியாஸ் சேர்த்தால் செய்யும்தான். யார் இல்லை என்றது?

"எக்ஸெக் போட்டா பின்னணி வேலை போயிடுமே" என்பது நியாயமான கேள்வி. கன்ட்ரோல்-இசட் போட்டு நிறுத்திய விம் எடிட்டர், புது ஷெல்லின் ஜாப்ஸ் பட்டியலில், அதாவது பின்னணி வேலைகளின் பட்டியலில், இருக்காது. வேலையை முன்னால் கொண்டுவரும் எஃப்ஜி போட்டும் மீட்க முடியாது. எக்ஸ்போர்ட் செய்யாத வேரியபிளும் போய்விடும். அதனால் முதலில் ஜாப்ஸ் அடித்துப் பாருங்கள். பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல், எக்ஸ்போர்ட் ஆனது என்பதால் எக்ஸெக்கிலும் கூடவே வரும். ஃபைல் மறுபடி ஓடும்போது அதில் அதே இடம் இரட்டிப்பதைத் தடுக்க ஃபைலில் டைப்செட் மைனஸ் பெரிய யூ, ஒரு இடைவெளி, சின்ன எழுத்தில் பாத் என்று ஒரு வரி போதும்.

அப்புறம் இசட்எஸ்ஹெச் மைனஸ் என், ஃபைல் பெயர். இது ஃபைலை ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் பார்க்கும். மூடாத மேற்கோள் குறி சிக்கும், இல்லாத பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) சிக்காது. ஆகவே வெறும் இசட்எஸ்ஹெச் அடித்து உள்ளே ஒரு ஷெல் திறந்து பாருங்கள். சரியாக வந்தால் எக்ஸிட் கொடுத்து வெளியே வந்து, அதற்குப் பிறகு எக்ஸெக். தொலைவில் இருக்கும் சர்வர் என்றால், ஏதாவது தப்பானாலும் உள்ளே நுழைய, இன்னொரு எஸ்எஸ்ஹெச் இணைப்பை (தொலை இணைப்பு) மூடாமல் வையுங்கள்.

இதைத்தான் அந்தத் தம்பி கேட்டான். தமிழில் தொழில்நுட்பம் பேச ஆளே வருவதில்லை என்று அதே மேடையில்தான் புலம்பினீர்கள். வந்தவனைச் சிரித்து உட்கார வைத்தால் அடுத்த மாதம் எவன் வருவான்? கை தூக்கிக் கேட்டது அவன் ஒருவன்தான். சிரித்தவர்களில் எத்தனை பேர் எக்ஸெக் போட்டுப் பார்த்திருப்பீர்கள்?

ஸ்லைடில் அந்த ஒரு வரியையாவது மாற்றுங்கள். ஓஎம்இசட் ரீலோடு. ரெண்டே சொல், இடம் அடைக்காது.