எல்.எல்.பி. பதிந்தால் முதலாளி பெயர் மறையாது

"எல்.எல்.பி.யாகப் (கூட்டாளிகளின் கடன் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனமாக) பதிந்துவிட்டால் முதலாளி யாரென்று ஒருவருக்கும் தெரியாது" என்று பெங்களூரு தமிழ் வியாபாரிகளிடையே சுற்றும் வாட்ஸ்அப் தகவல் தவறு. நம்பிப் பணத்தைப் போட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் எல்.எல்.சி. (இதேபோல் பொறுப்புக்கு வரம்பு உள்ள நிறுவன வகை) பதிவுப் பத்திரத்தில் உரிமையாளர் பெயர் கேட்பதில்லை, உண்மைதான். அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே 2008-ஆம் ஆண்டு எல்.எல்.பி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, பதிவு ஆவணம், கூட்டாளிகளின் பெயர்கள், ஆண்டறிக்கை எல்லாவற்றையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மச்சான் பெயரில் பதிந்துவிட்டுப் பின்னால் இருந்து நடத்தலாம் என்கிறார்கள். அதுவும் ஆபத்து. 10 சதவீதமோ அதற்கு மேலோ மறைமுகமாகப் பங்கு வைத்திருப்பவர் தன்னை அறிவித்தாக வேண்டும் என்கின்றன எல்.எல்.பி.களுக்கான 2023 விதிகள்.

வீட்டு முகவரிதான் கவலை என்றால், வீட்டையே பதிவு அலுவலகமாகக் காட்டவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.