கத்தரிக்கோலைப் பிள்ளை கையில் கொடுங்கள்

போன வாரம் தம்பி மகனின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. யுகேஜி பிள்ளைகள் எல்லோரும் திங்கட்கிழமை 'வீடு' மாடல் செய்துகொண்டு வர வேண்டுமாம். ஞாயிறு இரவு 11 மணிக்குத் தம்பி தெர்மாகோலை அறுத்துக்கொண்டிருக்கிறான். அவன் மனைவி ஜன்னலுக்குக் கலர் பேப்பர் ஒட்டுகிறாள். வீடு கட்ட வேண்டியவன் உள்ளே தூங்குகிறான். மறுநாள் அந்த வீட்டுக்கு 3 ஸ்டார் கொடுத்தார்கள்.

எனக்கு மனசே ஆறவில்லை. 'நீ செய்தால் நன்றாக வராது' என்பதைத்தானே ஐந்து வயசுப் பிள்ளைக்கு நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? டீச்சரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கோணல்மாணலாக ஒட்டியதைச் சுவரில் மாட்டினால், பள்ளியில் ஒன்றும் சொல்லித் தரவில்லை என்று கேட்பவர்களும் பெற்றோர்தான்.

இதே பையன் இந்தக் கோடை லீவில் உடன்குடிப் பக்கம் எங்கள் ஊரில் நுங்கு வண்டி செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் அப்பா அவனுக்குச் செய்து கொடுக்கவில்லை. நுங்கு தின்று போட்ட காய்கள் குவிந்து கிடந்தன. அதில் இரண்டை எடுத்து, நடுவில் குச்சியைக் குத்தி, கவைக்கம்பை மாட்டித் தள்ளினான். வண்டி நேராகப் போகாமல் இடது பக்கமே இழுத்தது. பலமாகத் தள்ளிப் பார்த்தான். கம்பை மாற்றிப் பார்த்தான். அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். எனக்குக் கை பரபரத்தது. அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "ரெண்டு காயையும் கழத்திப் பக்கத்துல வச்சுப் பாருலே" என்று மட்டும் சொன்னார்.

ஒன்று சின்னது. ஒரு சுற்றுக்கு அது கடக்கும் தூரமும் குறைவு, அதனால் வண்டி அந்தப் பக்கமே வளைகிறது. இந்த விளக்கத்தை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனே குவியலில் தேடி, சரி ஜோடியாக ஒரு காயை எடுத்து மாட்டினான். வண்டி தெருக்கோடி வரை நேராக ஓடியது. இத்தனைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நாம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா பல வருடங்களாகக் குப்பையிலிருந்தே பொம்மை செய்யச் சொல்லிக் கொடுக்கிறார். 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவர் காட்டிய ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். சைக்கிள் வால்வ் டியூப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, மருந்தைச் சுரண்டி எடுத்த தீக்குச்சிகளை அதில் சொருக வேண்டும். சதுரம் செய்தால் அமுக்கினதும் சரிந்துவிடும். முக்கோணம் அசையாது. பாலத்திலும் கூரையிலும் ஏன் முக்கோணமாக அடிக்கிறார்கள் என்று பிள்ளையின் விரலுக்கே தெரிந்துவிடுகிறது. இதற்குச் செலவு என்ன, ஐந்து ரூபாய் ஆகுமா?

வீட்டில் மொட்டை முனைக் கத்தரிக்கோல் ஒன்று, பழைய பேப்பர், அட்டைப் பெட்டி, களிமண் போதும். மூன்று வயதில் பேப்பர் ஓரத்தைத் துணுக்குத் துணுக்காக வெட்டத்தான் வரும். கோட்டின் மேல் நேராக வெட்ட இன்னும் ஒரு வருஷமாவது ஆகும், வட்டம் அதற்கும் அப்புறம். வெட்டட்டும். பென்சில் பிடிக்கப் போவதும் அதே விரல்கள்தான். புளியங்கொட்டை, மணி மாதிரிச் சின்னச் சாமான்களை மட்டும் நீங்கள் கூட இருக்கும்போது கொடுங்கள். மூக்கில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதை எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

டீச்சர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மாடலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், வகுப்பிலேயே செய்ய வையுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை பாட்டு, கதை, கைவேலை எல்லாம் வகுப்புக்குள்தானே வைத்திருக்கிறார்கள். ஸ்டார் கொடுப்பதை விட, "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். செய்த பிள்ளை கால் மணி நேரம் பேசும்.

அடுத்து 'வாகனம்' கேட்டிருக்கிறார்கள். நுங்கு சீசன் முடிந்துவிட்டது. ஒரு தீப்பெட்டி, நாலு சோடா மூடி, இரண்டு விளக்குமாற்றுக் குச்சி எடுத்து வைத்திருக்கிறேன். தம்பியிடம் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை காலையிலேயே அவனை உட்கார வை, நீ தள்ளி உட்கார்.