எம்.ஜி.பிக்கு எலக்ரிக் ஃபேன்: போடுங்கள், ஆனால் முதலில் ரேடியேற்றரைக் கழற்றிப் பாருங்கள்

என் எம்.ஜி.பி ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதன் பொனட்டைத் திறந்தால் பழைய கார்க்காரர் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "தம்பி, ஒறிஜினல் ஃபேன் எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. துடைத்து எண்ணெய் பூசி வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போது சுற்றுவது எலக்ரிக் ஃபேன். அது சரியான வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே வேலையைத் தலைகீழாகச் செய்து எஞ்சினைப் பழுதாக்கியவர்களையும் இந்த ஊரில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1962இல் எம்.ஜி.பி வெளிவந்தபோது ஃபேன் தண்ணீர்ப் பம்பின் முகப்பிலேயே பூட்டப்பட்டிருந்தது. பெல்ட் சுற்றினால் பம்பும் சுற்றும், ஃபேனும் சுற்றும். நிலாவெளி றோட்டில் 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேற்றருக்குப் போதும். அந்த நேரத்தில்தான் இந்த ஃபேன் முழு வேகத்தில் சுற்றி, எஞ்சினின் பலத்தைத் தின்று, சத்தமும் போடும். கோணேசர் கோயிலுக்கு விசேச நாளில் போய் பிரெட்றிக் கோட்டை வாசலில் வரிசையில் நிற்கும்போது எஞ்சின் ஐடிலில் ஓடும், ஃபேனும் மெல்லத்தான் சுற்றும். காற்று கட்டாயம் வேண்டியது அப்போதுதான். இங்கிலாந்துக் குளிருக்கு அது பரவாயில்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் திருகோணமலைக்குப் போதவே போதாது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் அந்தக் காற்றில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும். ரேடியேற்றருக்குள் நுழையும் காற்றே அனலாக இருந்தால் தண்ணீர் எப்படி ஆறும்?

ஒறிஜினல் கெட்டுவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1973இல் வந்த எம்.ஜி.பி ஜி.ரி வி8 காருக்குக் கம்பனியே இரண்டு எலக்ரிக் ஃபேன் பூட்டித்தான் விற்றது. 70களின் பின்பாதியில் சாதாரண எம்.ஜி.பிக்கும் எலக்ரிக் ஃபேன் வந்துவிட்டது. உண்டாக்கியவனே மாற்றியதை நாங்கள் மாற்றினால் மட்டும் என்ன குற்றம்? கார் பொடியில் ஒரு ஓட்டைகூடப் போடாமல், நாளைக்கே கழற்றிப் பழையதைப் பூட்டக்கூடிய மாதிரிச் செய்தால் போதும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது மற்றப் பக்கத்தில். கார் கொதிக்குதா, எலக்ரிக் ஃபேனைக் கட்டு என்கிற வைத்தியம். நண்பர் ஒருவரின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காருக்கு ஒரு கராஜில் அப்படித்தான் கட்டிக் கொடுத்தார்கள். ரேடியேற்றரின் செதில்களுக்கு நடுவே நைலோன் ரையை (வயர் கட்டும் பட்டியை) குத்தி இழுத்து இறுக்கியிருந்தார்கள். எஞ்சின் அதிர அதிர அந்த ரை செதிலை அறுத்து, உள்ளே தண்ணீர் ஓடும் குழாயிலும் உராய்ந்து, அந்த இடத்தில் பச்சை நிறத்தில் கூலன்ற் காய்ந்து உப்பாகப் படிந்திருந்தது. கழற்றி மேல் தாங்கியைத் திறந்தால் குழாய் வாய்களில் பாதி வெள்ளைச் சுண்ணாம்பால் அடைபட்டுக் கிடந்தது. எத்தனையோ வருடம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய பலன். தண்ணீரே ஓடாத குழாய்க்கு எவ்வளவு காற்றடித்தும் என்ன?

பழைய ரேடியேற்றர் செம்பும் பித்தளையும். இளக்கித் திறந்து, கம்பி விட்டுத் துப்புரவாக்கி, திரும்ப ஈயம் பிடிக்கலாம். முடியாவிட்டால் புதுக் கோர் (குழாயும் செதிலும் சேர்ந்த நடுப்பகுதி) போடலாம். கையோடு கையாகத் தேர்மோஸ்டாற், ரேடியேற்றர் மூடி, இக்னிஷன் ரைமிங் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்றும் மட்டும். இவ்வளவும் செய்து கந்தளாய் வரை ஒரு மத்தியானம் போய் வாருங்கள். சில கார்களுக்கு அதோடு வருத்தம் தீர்ந்துவிடும், ஃபேனே தேவைப்படாது.

தேவைப்பட்டால் அடுத்தது கரண்ட். இதைத்தான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆரம்பகால எம்.ஜி.பியில் கரண்ட் உண்டாக்குவது லூக்காஸ் சி40 டைனமோ. அது ஆகக் கூடினால் தருவது 22 அம்பியர். ஹெட்லைற் இரண்டும் 8 அம்பியர் அளவில் எடுக்கும். இக்னிஷன், பெற்றோல் பம்ப், வைப்பர் வேறு. கொஞ்சம் பலமான எலக்ரிக் ஃபேன் 10 அம்பியருக்கு மேல் கேட்கும், சுற்றத் தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஐடிலில் டைனமோ அனேகமாக ஒன்றுமே தராது, சிவப்பு லைற் மினுங்கிக்கொண்டிருக்கும். ஃபேன் சுற்ற வேண்டிய நேரமும் அதுதான். முழுச் சுமையும் சீற்றுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ற் பற்றரிகளின் தலையில்தான் விழும். கம்பனியே 1967இன் கடைசியில் டைனமோவை விட்டு, ஐடிலிலும் கரண்ட் தரும் ஓல்டனேற்றருக்கு மாறிவிட்டது. டைனமோவை வைத்துக்கொண்டு எலக்ரிக் ஃபேன் போடாதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. பழைய கார் பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு சேர்ந்திருக்கும்; ஓல்டனேற்றருக்கு நெகற்றிவ் ஏர்த் வேண்டும். மாற்றும்போது கொயில் வயர்களை இடம் மாற்ற வேண்டும், ஆர்.பி.எம் மீற்றரையும் மாற்றிக் கட்ட வேண்டும்.

பூட்டும் வேலை அதற்குப் பிறகு சின்ன விசயம். இடமிருந்தால் ஃபேன் எஞ்சின் பக்கம் இருந்து காற்றை இழுக்கட்டும், முன்னால் வைத்தால் எதிர்க்காற்றை மறிக்கும். நைலோன் ரை வேண்டாம், இரும்புப் பட்டம் அடித்து ரேடியேற்றர் சட்டத்தில் பூட்டுங்கள். றிலேயும் தனிப் பியூசும் கட்டாயம். தேர்மோ சுவிச் 90, 95 பாகைக்குள் ஃபேனைப் போடட்டும். பூட்டியதும் ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் ஃபேன் சரியான பக்கம் சுற்றுகிறது. உப்புவெளி மாதிரிக் கடற்கரையோரம் கார் நிற்கிறதென்றால் ஏர்த் வயரும் றிலேக் கால்களும் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். கிரீஸ் பூசி, இடைக்கிடை கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள்.

இன்னொன்று. ஃபேனைக் கழற்றிவிட்டோம், இனிப் பெல்ட் அறுந்தாலும் பயமில்லை என்று ஒருவர் சொன்னார். அந்தப் பெல்ட்தான் இப்போதும் தண்ணீர்ப் பம்பைச் சுற்றுகிறது. ஹபறணைக் காட்டு றோட்டில் அது அறுந்தால் எலக்ரிக் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் கொதித்துக்கொண்டே இருக்கும். டிக்கியில் ஒரு புதுப் பெல்ட்டும் அதை மாற்ற ஸ்பானர் சாவியும் எப்போதும் கிடக்கட்டும்.