லினக்ஸ் போடச் சொல்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் அந்தத் தேதியிலிருந்து ஓராண்டுக்கு வரும். அதன் பிறகு விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும், இண்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும். 2016, 2017 வாக்கில் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை இந்த வாசலைத் தாண்டாது. எங்கள் வீட்டுக் கணினியும் தாண்டவில்லை. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், பிறகு மாட்டிய ஒரு எஸ்எஸ்டி. இயந்திரத்தில் ஒரு கோளாறும் கிடையாது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு 2,000 வெள்ளிக்குப் புதிது வாங்கச் சொல்வது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இந்த நிலைமையில் நம் ஆட்கள் இருக்கும் எல்லா வாட்சாப் குழுவிலும் ஒரே பதில்தான் வருகிறது. "லினக்ஸ் போடுங்கண்ணே, ஒரு பிரச்சினையும் இருக்காது." லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இன்னோர் இயங்குதளம். அந்தப் பதிலின் முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாம் பாதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த வாக்கை நம்பி இறங்கிய குடும்பங்கள் பினாங்கில் எங்கள் ஆயர் ஈத்தாமிலேயே சில உண்டு. பாதியில் நின்றுபோய், ஏதோ தங்களுக்குத்தான் அறிவு போதவில்லை என்று கூசிப்போய், வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். அவர்கள் கூசிப்போக ஒரு காரணமும் இல்லை.

லினக்ஸ் பலவீனமான தொழில்நுட்பம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய கருனல் அது, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் அதன்மேல்தான் நிற்கிறது. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலை எடுத்தால், 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் லினக்ஸ்தான். ஆனால் வீட்டு மேசையில் அது மிகச் சிறுபான்மையாகவே இருந்துவருகிறது. ஏன்?

என் பதில் இது. போனை விற்கிற கம்பெனி, அதற்குள் இருக்கிற கேமரா, வைஃபை, திரை எல்லாவற்றையும் லினக்ஸோடு பொருத்திப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறது. சூப்பர் கம்ப்யூட்டர் விற்பவரும் அப்படித்தான். வீட்டுக் கணினியில் அந்தப் பொருத்தும் வேலையை விண்டோஸுக்காக மட்டும் தொழிற்சாலையிலேயே முடித்து அனுப்புகிறார்கள். லினக்ஸுக்கு எங்கோ ஒரு தன்னார்வலர் ராத்திரி உட்கார்ந்து செய்தால் உண்டு. அவரும் செய்யாத மிச்ச வேலை, கணினியை வைத்திருக்கிற வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. "ஒரு பிரச்சினையும் இருக்காது" என்கிறவர்கள் இந்த மிச்ச வேலையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எங்கள் வீட்டில் அது வைஃபையில் தொடங்கியது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மிண்ட்டைப் பெண்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்த்தபோது திரை பளிச்சென்று வந்தது, சத்தம் வந்தது, எல்லாம் விண்டோஸைவிடச் சுறுசுறுப்பு. வைஃபை பட்டியல் மட்டும் காலி. உள்ளே இருக்கும் சில்லைச் செய்த நிறுவனம் அதன் டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, திறந்து கொடுக்கவில்லை. அதைத் தனியாக இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையம் வருவதற்கோ அந்த டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் சொருகி போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங் போட்டால் லினக்ஸ் அதை உடனே ஏற்றுக்கொள்ளும், அதன் வழியாக டிரைவரை இறக்கிவிடலாம். வழி சுலபமானதுதான். ஆனால் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னால்தான் அது சுலபம். தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் காலிப் பட்டியலோடு கதை முடிந்துவிடும்.

இதில் எனக்கு மனசு வலிப்பது ஒன்று உண்டு. இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் இந்தத் தீவில், பாயான் லெப்பாஸில்தான் திறந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் அக்காமார்களும் அண்ணன்மார்களும் அந்தத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்த்து, சில்லுகளைப் பொருத்தி, சோதித்து உலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று பொறியியலாளர்கள். அப்படிப்பட்ட ஊரில், வைஃபை வரவில்லை என்றால் கூப்பிட்டுக் கேட்க ஒரு குடியிருப்புத் தாமானுக்கு ஓர் ஆள் இல்லை. கொம்தார் பக்கத்துக் கடையில் கேட்டேன். "ஃபார்மெட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தர்றேன், லினக்ஸ் நாங்க தொடுறதில்ல" என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பிழைப்பு அது.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அடுத்த அறிவுரை. நாங்களும் வைத்தோம். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக எட்டு மணி நேரம் பின்னால் காட்டும். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது. நாம் அதற்கு எட்டு மணி முன்னே இருக்கிறோம், அந்த எட்டுதான் இது. (தீபகற்பத்தில் முன்பு ஏழரையாக இருந்ததை 1982 பிறந்தபோது எட்டாக்கினார்கள். வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.) ஒரே கட்டளையில் சரியாகிவிடும் விஷயம். ஆனால் மகளின் இணைய வகுப்பு நினைவூட்டல்கள் குழம்பிப்போய், கணினியில் வைரஸ் வந்துவிட்டது என்று வீடே பயந்தது. போதாததற்கு, 2024 ஆகஸ்டில் விண்டோஸுக்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், இப்படி இரண்டும் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவே விடாமல் செய்தது. இதெல்லாம் தெரிந்துதான் "ரெண்டையும் வச்சுக்கோங்க" என்று சொல்கிறோமா?

இப்போது பிரிண்டர். என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எங்கள் வீட்டில் கணினி இருப்பதே முக்கால்வாசி அச்சடிப்பதற்குத்தான். பயிற்சித்தாள், கேள்வித்தாள், பெற்றோருக்குக் கடிதம். வைத்திருப்பது மலிவு விலை கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர், பல வருடமாக உழைக்கிறது. லினக்ஸில் முதல் பக்கம் அச்சாகும். இரண்டாவது பக்கம் வராது. பிரிண்டரை அணைத்துப் போட்டால் மறுபடி ஒரு பக்கம் வரும். முப்பது மாணவர்களுக்கு நான்கு பக்கம் என்றால் என்ன செய்வது?

காரணத்தைத் தேடிப் படித்தேன். விலை கூடிய பிரிண்டர்கள் போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொதுவான மொழிகளைத் தாங்களே புரிந்துகொள்ளும். மலிவு ரகத்துக்குச் சொந்த மூளை கிடையாது. பக்கத்தை வரைந்து முடிக்கும் வேலை முழுவதையும் கணினியே செய்து, அந்த நிறுவனத்துக்கு மட்டும் தெரிந்த இரகசிய நெறிமுறையில் புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். நிறுவனம் விண்டோஸுக்கு டிரைவர் கொடுத்தது. லினக்ஸுக்கு எப்போதோ ஒன்றைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டது. அதன்பின் வந்ததெல்லாம், நெறிமுறையை வெளியிலிருந்து ஊகித்துத் தன்னார்வலர்கள் எழுதியவை. அவர்கள் ஊகம் ஒரு பக்கம்வரை சரியாகப் போகிறது. அந்த ஒரு பக்கத்துக்கே நான் அவர்களுக்கு நன்றி சொல்வேன், கோபம் அவர்கள்மேல் அல்ல.

மென்பொருளின் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்பதுதான் லினக்ஸின் கொள்கை. அதைச் சொன்ன கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததே ஒரு பிரிண்டரால்தான். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. காகிதம் சிக்கினால் பயனருக்குத் தகவல் போகும்படி முந்தைய பிரிண்டரின் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார் அங்கே நிரல் எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதன் மூல நிரலைக் கேட்டபோது, கொடுக்கமாட்டேன் என்று உறுதி எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று கை விரித்துவிட்டார் அதை வைத்திருந்தவர். அந்த ஆத்திரம் உள்ளே கனன்றுதான் 1983-இல் அவர் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தை அறிவித்தார். நாற்பது வருடத்துக்கு மேலாகியும், பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அதே கதவின் முன்னால்தான் நிற்கிறார். லினக்ஸின் கொள்கை தவறு என்பதற்கு அல்ல, அது எவ்வளவு சரி என்பதற்குத்தான் இது சாட்சி. ஆனால் கேள்வித்தாள் நாளைக் காலை வேண்டும்.

"புது பிரிண்டர் வாங்குங்கள், இப்போது வருபவை டிரைவரே இல்லாமல் வேலை செய்யும்." உண்மைதான். நெட்வொர்க்கில் சேரும் புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் பொதுவான நெறிமுறையைப் பேசுகின்றன, லினக்ஸில் இருக்கும் கப்ஸ் என்ற அச்சு அமைப்பு அவற்றை உடனே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் ஓடுகிற கணினியை எறியக் கூடாது என்பதற்காகத்தானே லினக்ஸுக்கு வந்தோம். இப்போது ஓடுகிற பிரிண்டரை எறியச் சொன்னால், அந்தச் செலவையும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தமிழில் கதை கலந்து வருகிறது. நம் மலேசியாவில் பலருக்கு, ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்பத் தட்டித் தமிழ் வரவைக்கும் அஞ்சல் முறையில் விரல் பழகிவிட்டது. முத்து நெடுமாறன் இங்கிருந்து, 1980-களிலிருந்து செய்த வேலை அது. நான் சொல்லும் பொருத்தும் வேலைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஒருவர் உட்கார்ந்து செய்ததால்தான் நாம் எல்லோரும் தமிழில் தட்டுகிறோம். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, ஒலிப்பு முறை விசைப்பலகையும் இருக்கிறது, தரமாகவே இருக்கின்றன. ஆனால் விசைப்பலகை அமைப்பில் ஓரிடத்தில் ஒரு தமிழ், உள்ளீட்டு முறை அமைப்பில் இன்னோரிடத்தில் வேறொரு தமிழ். ஐபஸ் என்றும் எம்17என் என்றும் பெயர் கொண்ட பொதிகளை நிறுவினால்தான் ஒலிப்பு முறை கண்ணில் படும். தமிழை முழுதாகச் சமைத்து வைத்துவிட்டு, பரிமாற ஆளில்லாமல் அடுப்படியிலேயே மூடி வைத்ததுபோல் இருக்கிறது.

எழுத்துரு இன்னொரு தலைவலி. மனைவியின் பழைய கேள்வித்தாள்கள் எல்லாம் லதா எழுத்துருவில் வேர்டில் செய்தவை. லதா விண்டோஸோடு வருவது, அதை லினக்ஸோடு சேர்த்துக் கொடுக்க உரிமம் இல்லை. லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபிஸில் திறந்தால் அதன் இடத்தில் லோஹித்தோ நோட்டோவோ, வேறோர் எழுத்துரு வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும், படத்துக்கு நேராக இருந்த கேள்வி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். மலாய்த் தாள்களில் இவ்வளவு சேதம் இல்லை. கலிப்ரிக்கும் கேம்பிரியாவுக்கும் அதே அகலத்தில் கார்லிட்டோ, கலடியா என்று மாற்று எழுத்துருக்கள் செய்து வைத்திருக்கிறார்கள். "ஏங்க, இத்தனையும் மறுபடி நான் உட்கார்ந்து அடுக்கணுமா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். மகள் பாடத்துக்குப் பயன்படுத்தும் கல்வி அமைச்சின் டெலிமா தளம், வருமான வரித் தளம், வங்கிக் கணக்கு எல்லாம் உலாவியில் தடங்கலின்றி ஓடுகின்றன. கணினி வேகமாகத் திறக்கிறது. அப்டேட் நடுவில் வந்து வேலையைக் கெடுப்பதில்லை. உலாவியோடு முடிந்துவிடும் வேலை மட்டும் உள்ள வீடு என்றால் இன்றைக்கே மாறலாம், தயங்க வேண்டாம்.

ஆகவே என் வேண்டுகோள், கணினி தெரிந்த நம் தம்பி தங்கைகளிடமும், பழைய கணினிகளைச் சேர்த்து லினக்ஸ் போட்டு குறைந்த வருமானமுள்ள பி40 குடும்பங்களுக்குக் கொடுக்கும் நல்ல மனசுக்காரர்களிடமும்தான். பெட்டியை மட்டும் இறக்கி வைத்துவிட்டு வராதீர்கள். அந்த வீட்டுப் பிரிண்டரில் ஒரே மூச்சில் பத்துப் பக்கம் அடித்துப் பாருங்கள். அவர்களுடைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து காட்டுங்கள், தட்டச்சு செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். கணினியைத் தூங்க விட்டு எழுப்பிப் பாருங்கள், மடிக்கணினிகள் பல அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. இதையெல்லாம் பெண்டிரைவிலிருந்து ஓட்டும்போதே பார்த்துவிடலாம், வன்தட்டைத் தொடவே வேண்டாம். சரிவராவிட்டால் "உங்க பொருள் சரியில்லை" என்று வீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள். அவர் காசு கொடுத்து வாங்கிய பொருள் அது, விண்டோஸில் ஒழுங்காக ஓடிய பொருள்.

மேலிருந்து யாராவது செய்வார்கள் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரசுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை மலேசியா 2004-இலேயே அறிவித்தது. இருபது வருடம் தாண்டியும் ஆயர் ஈத்தாமில் ஒரு பிரிண்டருக்கு அதனால் பதில் வரவில்லை. நாமே தொடங்கலாம். உங்கள் வீட்டில் லினக்ஸில் ஓடிய பிரிண்டர், ஓடாத பிரிண்டர், வைஃபை எடுத்த மடிக்கணினி, எடுக்காத மடிக்கணினி, எதுவாக இருந்தாலும் கீழே எழுதுங்கள். சேர்த்துத் தமிழில் ஒரு பட்டியலாகப் போட்டு வைக்கிறேன். ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்டிரைவோடு நானே வந்து பார்க்கிறேன். பிரிண்டருக்கு நிறுவனப் பெயர் மட்டும் போட்டால் போதாது. பின்னாலோ அடியிலோ ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை எழுதுங்கள். ஒரே வரிசையில் வந்த இரண்டு பிரிண்டர்களில் அந்தக் கடைசி எழுத்து மாறினாலே உள்ளே பேசும் மொழி மாறிவிடுகிறது.