பாஸ்டன் ரெட் சாக்ஸும் காலியாகக் கிடந்த ஃபர்ஸ்ட் பேஸும்

2025 மே 2 அன்று மின்னசோட்டாவுடனான பேஸ்பால் ஆட்டத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஃபர்ஸ்ட் பேஸ் வீரர் டிரிஸ்டன் காஸாஸின் இடது முழங்கால் தசைநாண் அறுந்தது. அவருக்கு சீசன் அதோடு முடிந்தது. பேட்டர் அடித்ததும் முதலில் ஓடிச் சேரும் ஃபர்ஸ்ட் பேஸைக் காக்க ஆள் இல்லாமல் ரெட் சாக்ஸ் திண்டாடியதை எல்லோரும் அந்தக் காயத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். என் பார்வையில் தவறு நடந்தது மே மாதத்தில் அல்ல, பிப்ரவரியில்.

பிப்ரவரியில் அலெக்ஸ் பிரெக்மனை 3 ஆண்டு, 12 கோடி டாலருக்கு எடுத்தார்கள். 2024-இல் தேர்ட் பேஸில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருது வாங்கியவர் அவர். அவர் வந்ததும் ரஃபேல் டெவர்ஸ் தேர்ட் பேஸை இழந்து, பேட்டிங் மட்டும் செய்யும் டி.எச். ஆனார். காஸாஸோ 2023-இல் 24 ஹோம் ரன் அடித்தவர்தான், ஆனால் 2024-இல் விலா எலும்புக் காயத்தால் 63 ஆட்டம் மட்டுமே ஆடியவர். அப்படி ஒருவரை நம்பி சீசனைத் தொடங்கும்போது, டெவர்ஸின் கையில் அன்றே ஃபர்ஸ்ட் பேஸ் கையுறையான மிட்டைக் கொடுத்திருக்க வேண்டும். சீசனுக்கு முந்தைய பயிற்சியான ஸ்பிரிங் டிரெய்னிங்கில் அதற்குப் பல வாரங்கள் இருந்தன.

"ஃபர்ஸ்ட் பேஸ்தானே, யாரும் நிற்கலாம்" என்ற பேச்சு வெகுகாலமாக இருக்கிறது. புள்ளிவிவரக்காரர்களும் ஒரு வீரரின் மதிப்பைக் கணக்கிடும்போது, முழு சீசனுக்கு, செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் கடினமான இடமான ஷார்ட்ஸ்டாப்புக்கு 7.5 ரன் கூட்டி, ஃபர்ஸ்ட் பேஸுக்கு 12.5 ரன் கழிக்கிறார்கள். அது சராசரிக் கணக்கு. புதிதாக அங்கே போய் நிற்பவர் என்ன செய்வார் என்பதை அது சொல்லாது.

மற்ற ஃபீல்டர்கள் எறியும் பந்தை, ஒரு காலைப் பேஸில் வைத்தபடி, ஓடி வருபவர் சேரும் முன் பிடிப்பதுதான் அங்கே முக்கிய வேலை. புதியவர் முதலில் சறுக்குவது கால் வைப்பதில். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியும் முன்பே காலை நீட்டிவிடுவார். நீட்டிய பிறகு உடல் பூட்டிக்கொள்ளும், ஒரு அடி விலகி வரும் பந்தைக்கூட எட்ட முடியாது. எறிதலைப் பார்த்துவிட்டுத்தான் நீட்ட வேண்டும், கால் பேஸின் விளிம்பில் இருக்க வேண்டும். நடுவில் மிதித்தால் ஓடி வருபவர் கணுக்காலில் ஏறிவிடுவார். அடுத்தது, தனக்கு வலப்பக்கம் போகும் பந்தையெல்லாம் துரத்துவது. அது செகண்ட் பேஸ்மேனின் பந்து. இவரும் ஓடினால் பேஸ் காலி, பந்து வீசும் பிட்சர் பதறி ஓடிவர வேண்டும். தேர்ட் பேஸிலிருந்து வருபவருக்கு இது இன்னும் கடினம், அங்கே பழகியதே பாய்ந்து எடுக்கத்தான். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: தரையில் குத்தி வரும் எறிதலை அவர் அள்ளத் தவறினால், பெரும்பாலும் பிழை எறிந்தவர் பெயரில்தான் பதிவாகும்.

மே மாதத்தில் கையில் இருந்த வழிகளைப் பார்ப்போம். ரோமி கொன்சாலஸ் வலது கை பேட்டர், இடது கை பிட்சர்களை நன்றாக அடித்தார். இரு பக்கமும் அடிக்கும் ஏப்ரஹாம் டோரோ வலது கை பிட்சர்களுக்கு எதிராக. இந்த ஜோடி சில வாரம் தாங்கும், சீசன் முழுக்கத் தாங்காது. 26 பேர் கொண்ட அணியில் ஒரே இடத்துக்கு இரண்டு பேர் போய்விடுகிறார்கள். ஏழாவது இன்னிங்ஸில் எதிரணி பிட்சரை மாற்றினால், இவர்களும் ஆளை மாற்றி பெஞ்சைக் காலி செய்ய வேண்டும்.

கிறிஸ்டியன் கேம்ப்பெல்லை ஃபர்ஸ்ட் பேஸ் பயிற்சிக்கு அனுப்பியது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத முடிவு. ஏப்ரலில் சிறந்த புதுமுகம் என்று பெயர் வாங்கிய பையன், மே மாதத்தில் பேட்டிங் சரிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் புது இடத்தையும் தலையில் ஏற்றுவதா? ஜூனில் அவரை கீழ்நிலை லீக் அணியான வூஸ்டருக்கு இறக்கிவிட்டார்கள்.

டெவர்ஸிடம் கேட்டார்கள், மறுத்துவிட்டார். க்ளவ்வை எடுத்து வைக்கச் சொன்னவர்களே மறுபடியும் எடு என்றால் அவர் கோபம் எனக்குப் புரிகிறது. மறுத்ததை நியாயப்படுத்த மாட்டேன், ஆனால் கேட்ட நேரம் தப்பு. ஜூன் 15 அன்று, 2033 வரை ஒப்பந்தம் இருந்த அவரை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் அங்கே அவர் ஃபர்ஸ்ட் பேஸில் ஆடத் தொடங்கினார். ஆக, அவரால் முடியாத வேலை அல்ல அது.

ஆகஸ்டில் வாஷிங்டன் கைவிட்ட நத்தேனியல் லோவை எடுத்தார்கள். 2023-இல் டெக்சாஸுக்காக கோல்ட் க்ளவ் வாங்கியவர், கிடைத்தவர்களில் சரியான தேர்வு. ஆனால் யாங்கீஸுக்கு எதிராக, பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்ட் கார்டின் மூன்றாவது ஆட்டத்தில், நான்காவது இன்னிங்ஸில் ஆஸ்டின் வெல்ஸ் அடித்த தரைப்பந்து அவரிடமே தவறிப்போய் இரண்டு ரன் ஏறியது. ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்கும் டபுள் ப்ளேவுக்கு வாய்ப்பிருந்த பந்து. 4-0 தோல்வி, சீசன் முடிந்தது.

அதற்காக லோவைத் திட்டுவது அநியாயம். ஒரு ரன்கூட எடுக்காத அணியை அந்தப் பந்தைப் பிடித்திருந்தாலும் அவர் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் சீசனின் கடைசி ஆறு வாரத்துக்கு வந்து சேர்ந்தவரை நம்பி அக்டோபர் பிளேஆஃபுக்குள் போகும் நிலையை உண்டாக்கியது நிர்வாகம். அதற்கான பதிலை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.