தோல்விகளுக்குச் செலவு செய்தவர்கள்

சிங்கப்பூரின் தோ பாயோவில் இத்தனை ஆண்டுகள் குடியிருந்தும், பாலஸ்டியர் பக்கம் தை ஜின் சாலையில் உள்ள சன் யாட் சென் நன்யாங் நினைவு மண்டபத்திற்குச் சென்ற மாதம்தான் போனேன். புரட்சித் தலைவர்கள் துணிச்சலால் உருவாகிறார்கள் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

சன் யாட் சென் எடுத்த எடுப்பில் சீனாவின் மன்னராட்சியைக் கவிழ்க்கப் புறப்பட்டவர் அல்லர். ஹாங்காங்கில் மருத்துவம் படித்த அவர், 1894இல் சீர்திருத்தங்களை வேண்டி லீ ஹாங்சாங் என்ற பெரிய அதிகாரிக்கு மனு எழுதினார். மனு கண்டுகொள்ளப்படவில்லை. அதே ஆண்டு ஹொனலூலுவில் புரட்சிச் சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டு குவாங்சோ எழுச்சி தோற்று, நாடு விட்டு ஓடினார்.

அதன்பின் தோல்விமேல் தோல்விதான். என் கவனமெல்லாம் அவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள்மீதே போகிறது. 1906இல் வணிகர் தியோ எங் ஹொக் தம் தாயாருக்காக வாங்கியிருந்த வீட்டை, இன்று நினைவு மண்டபமாக இருக்கும் இதை, சன்னுக்குத் தந்தார். சன்னின் புரட்சி இயக்கமான தோங்மெங்ஹுய்யின் சிங்கப்பூர்க் கிளை இங்கேதான் இயங்கியது. 1908இல் சீன-வியட்நாம் எல்லையிலுள்ள ஹெக்கோவ் நகரில் நடந்த எழுச்சி முறிந்தபோது, பிரெஞ்சு இந்தோசீனாவிலிருந்து வெளியேற்றப்பட்ட நூற்றுக்கணக்கான போராளிகள் இந்த ஊருக்கு வந்திறங்கினார்கள். வேலையும் இருப்பிடமும் இல்லாத அவர்களுக்குப் பிழைப்புக் கிடைக்க, இங்கிருந்த ஆதரவாளர்கள் ஒரு கல்லுடைக்கும் குவாரியையே நடத்த வேண்டியிருந்தது. நேதாஜியின் படைக்கு நம் பாட்டிமார் நகைகளைக் கழற்றிக் கொடுத்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தோற்றவருக்கு மறுபடியும், அதற்குப் பிறகும் கொடுப்பது வேறு வகை நம்பிக்கை. அந்த உதவியை வேண்டி வாசலில் வந்து நிற்கக் கூச்சப்படாததே சன்னின் தலைமை என்று எனக்குத் தோன்றுகிறது.

1911 அக்டோபர் 10 அன்று சீனாவின் வூச்சாங்கில் படைவீரர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர் அமெரிக்காவில் நிதி திரட்டிக்கொண்டிருந்தார்; செய்தியை டென்வர் நகரில் நாளிதழில்தான் படித்தார். 1912 ஜனவரி 1 அன்று சீனக் குடியரசின் தற்காலிக அதிபரானவர், அடுத்த மாதமே படைத்தலைவர் யுவான் ஷிகாய்க்காகப் பதவி விலக முன்வந்தார்.

தியோ குடும்பத்தின் கையைவிட்டுப் போயிருந்த அந்த வீட்டை 1937இல் ஆறு வணிகர்கள் சேர்ந்து வாங்கிக் காப்பாற்றினார்கள். தோங்மெங்ஹுய் கிளையில் இருந்த ரப்பர், அன்னாசி வணிகர் லிம் நீ சூனின் பெயர்தான் மாண்டரின் உச்சரிப்பில் யீஷூன் என்ற குடியிருப்பு வட்டாரத்தின் பெயரானது. அங்கே குடியிருக்கும் என் அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்படியா, முப்பது வருஷமா எனக்குத் தெரியாதே தம்பி" என்றார்.